சேர்வராயன் மலையில் ஜியோகேச்: ஈரம் புகாத டப்பா, பிசகாத கோஆர்டினேட்

ஏற்காட்டு மலையில் ஒளித்துவைக்கும் ஜியோகேச் டப்பாவைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று ஈரம். மற்றது சரியாக எடுக்காத கோஆர்டினேட், அதாவது இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் எண். குரங்கு தூக்கிப் போவதும், யாரோ குப்பை என்று எடுத்து எறிவதும் அதற்குப் பிறகுதான். இந்த இரண்டில் பாதி வேலையை மலை ஏறுவதற்கு முன்பே, சேலத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடித்துவிடலாம். மீதியை இடத்தில் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி. 2000 மே 2 அன்று, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழை நிறுத்தப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் காட்டில் வைத்து, அதன் கோஆர்டினேட்டை இணையத்தில் போட்டார். ஒருவர் டப்பா வைப்பார். மற்றவர்கள் எண்ணைக் கொண்டு தேடிப் போய், உள்ளே உள்ள தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். இன்றும் விளையாட்டு அவ்வளவுதான்.

எந்த டப்பா

100 மில்லிக்குக் கீழ் மைக்ரோ, 100 மில்லி முதல் 1 லிட்டர் வரை ஸ்மால், 1 முதல் 20 லிட்டர் வரை ரெகுலர், அதற்கு மேல் லார்ஜ். சேர்வராயன் மலைக்கு 400 முதல் 600 மில்லி வரையுள்ள ஸ்மால் டப்பா எல்லா வகையிலும் பொருந்தும். எஸ்டேட்டுகளின் கல் கட்டுச் சுவர் இடுக்கில் நுழையும். பென்சில், தாள், தேடி வருபவர்கள் எடுத்து மாற்றி வைக்கும் இரண்டு மூன்று மாற்றுப்பொருள் எல்லாம் உள்ளே அடங்கும்.

நாலு பக்கமும் மடக்கிப் பூட்டும் கிளிப்பும் சிலிக்கான் வளையமும் உள்ள உணவு டப்பாதான் முதல் தேர்வு. கடையிலேயே மூடியைத் திறந்து வளையத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். கழன்று வரும் வளையம்தான் வேண்டும். ஒட்டிவிட்ட வளையத்தைச் சுத்தம் செய்யவும் முடியாது, மாற்றவும் முடியாது. வளையம் உட்காரும் பள்ளத்தில் ஒரு மணல் துகள் கிடந்தால் போதும். அந்த இடத்தில் வளையம் மேலெழும்பி, இரண்டு பக்கமும் முடி பருமனுக்கு இடைவெளி விடும். அந்த இடைவெளி ஒரு மழைக்காலத்தில் டப்பாவைப் பாழாக்கும். அடுத்து, மூடியைக் கடை மேசைக் கண்ணாடியின் மேல் கவிழ்த்து ஒரு மூலையை அழுத்துங்கள். எதிர் மூலை தூக்கினால் மூடி முறுகியிருக்கிறது, வேறு எடுங்கள். கிளிப்பை நாலைந்து முறை மடக்கித் திறந்து, மடிப்பில் வெள்ளைக் கோடு விழுகிறதா என்றும் பாருங்கள். கோடு விழுந்தால் வெயிலில் முதலில் ஒடியப்போவது அந்த இடம்தான்.

மைக்ரோ வைக்க ஆசைப்பட்டால் பெட் பிரிஃபார்ம். பாட்டிலாக ஊதுவதற்கு முன் உள்ள தடித்த குழாய் அது. குடிநீர் பாட்டில் தயாரிப்பவர்களிடம் கிடைக்கும். சுவர் தடிமன் அதிகம் என்பதால் மிதித்தாலும் உடையாது. மூடி மட்டும் சோடா, கோலா பாட்டிலுடையதாக இருக்கட்டும். வாயு அழுத்தத்தை அடக்க அமைந்த மூடி என்பதால் உள்பக்க அடைப்பு நன்றாக இருக்கும். ஆனால் குளிர்பான பாட்டில் கழுத்தில் பழைய உயரமான 1810, புதிய குட்டையான 1881 என்று இரண்டு வகை உண்டு. ஒன்றின் மூடி மற்றதில் சுற்றும், அடைக்காது. தண்ணீர் பாட்டிலின் கழுத்து வேறு. வாங்கும்போதே பொருத்திப் பார்ப்பதே வழி.

எவர்சில்வர் டப்பா வலுவானது, ஆனால் இந்த மலைக்கு ஆகாது. மினுங்குவது குரங்கின் கண்ணில் படும். உலோகம் சீக்கிரம் குளிர்வதால் உள்ளே இருக்கும் நீராவி முதலில் அதன் சுவரில்தான் துளியாக நிற்கும். இரண்டு பக்கம் மூடி போட்ட பிவிசி குழாய், கறுப்பு டேப் சுற்றிய பொட்டலம், வயர் தொங்கும் எதுவும் கூடவே கூடாது. பார்ப்பவர் பயப்படுவார், போலீஸ் வரும், தப்பு அவர்கள்மீது இல்லை. டப்பாவின் அடிப்பக்கமாவது உள்ளே இருப்பது தெரியும்படி பெயின்ட் அடிக்காமல் விட்டுவிடுங்கள்.

டப்பா மூச்சு விடும்

மழை நேராகப் பெய்து டப்பாவுக்குள் தண்ணீர் போவது குறைவு. டப்பாவே தண்ணீரை உறிஞ்சுகிறது என்பதுதான் பலருக்கும் புரியாத சங்கதி. நேர் வெயிலில் உள்காற்று 40 டிகிரிக்குப் போய், மாலையில் பனிமூட்டம் இறங்கி 18 டிகிரிக்கு வந்தால், அந்தக் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் சுருங்கும். 500 மில்லி டப்பாவில் இது 35 மில்லி. அந்த அளவுக்கு வெளிக்காற்று உள்ளே வரப் பார்க்கும். மூடி விளிம்பில் தண்ணீர் தேங்கியிருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் வரும். மறுநாள் வெயிலில் காற்று விரிந்து வெளியேறும், தண்ணீர் மட்டும் உள்ளேயே நிற்கும். மூன்று மாதம் இப்படி நடந்தால் தாள் கூழாகிவிடும்.

எனவே வெயில் படாத இடம், விளிம்பில் தண்ணீர் நிற்காத நிலை, இரண்டும் வேண்டும். கிளிப் டப்பாவை மூடி மேலே பார்த்தபடி வைத்தால் மூடியின் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். கவிழ்த்து வைத்தால் சுவரில் வழியும் தண்ணீர் மூடியின் விளிம்பில் வந்து தங்கும். பக்கவாட்டில் படுக்கவைத்து, சற்றுச் சாய்வு கொடுத்து, அடியில் இரண்டு கூழாங்கல் வைப்பது நல்லது. கல் டப்பாவை மண்ணில் படாமல் தூக்கிப் பிடிக்கும். கரையானும் நேராக ஏறாது.

அடைப்புச் சோதனை

டிஷ்யூ பேப்பரின் நாலு மூலையிலும் ஸ்கெட்ச் பேனாவால் தடித்த கோடு போட்டு டப்பாவுக்குள் விரியுங்கள். மேலே எடைக்கு பழைய போல்ட், நட்டு. 500 மில்லி டப்பா மூழ்க முக்கால் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். எடையை மூடிக்கு மேல் ஏற்றாதீர்கள். மூடியை அழுத்தும் எடை வளையத்தையும் அழுத்தும். மோசமான டப்பாவும் தேறிவிடும்.

மூடிய டப்பாவை அரை மணி நேரம் வெயிலில் வைத்து, சூடாக இருக்கும்போதே ஐஸ் போட்ட தண்ணீர் வாளியில் அமுக்கி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மலையில் பல மாதங்கள் நடப்பதை ஓர் இரவில் நடத்திப் பார்க்கும் சோதனை இது. காலையில் வெளியே எடுத்து, விளிம்பு இடுக்கு உட்பட நன்றாகத் துடைத்த பிறகே திறக்க வேண்டும். துடைக்காமல் திறந்தால் விளிம்பில் தொங்கும் துளி உள்ளே விழுந்து, நல்ல டப்பாவும் தேறாமல் போகும். எந்த மூலைக் கோடு மை கசிந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டை.

கசிந்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். வளையத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, சிலிக்கான் கிரீஸை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவி மறுபடி சோதியுங்கள். தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம். எண்ணெய் எறும்பை அழைக்கும், மணலைப் பிடித்து வைக்கும். இரண்டாவது சோதனையிலும் கசிந்தால் அந்த டப்பா சமையலறைக்கே போகட்டும்.

சிலிக்கா ஜெல் பற்றி அளவோடு நம்பிக்கை வைக்க வேண்டும். 5 கிராம் பொட்டலம் ஒரு கிராமுக்குச் சற்று மேல் தண்ணீர் பிடிக்கும். 20 டிகிரியில் நீராவி நிறைந்த காற்று 500 மில்லியில் உள்ள தண்ணீர் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே டப்பாவுக்குள் அடைபட்ட பனிக்காற்றை உலர்த்த அது தாராளமாகப் போதும். ஆனால் நனைந்த கையோடு ஒருவர் திறந்து இருபது துளி சிந்திவிட்டால் பொட்டலத்தின் வேலை அன்றோடு முடிந்தது. நிறம் மாறும் வகையை வாங்குங்கள், அதிலும் ஆரஞ்சு நிறம். நீல வகையில் உள்ள கோபால்ட் குளோரைடு நச்சு. குழந்தைகள் திறக்கும் டப்பாவில் அதை வைக்கக்கூடாது. ஈரம் ஏறிய மணிகளை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும்.

தாள், பென்சில், மாற்றுப்பொருள்

சாதாரணத் தாள் இங்கே ஒரு பருவம்தான். ஜெராக்ஸ், டிஜிட்டல் பிரின்ட் கடைகளில் கிழியாத ஷீட் என்று கேட்டால் பிளாஸ்டிக் ஷீட் கிடைக்கும். மினுமினுப்பு இல்லாத மேட் வகையைக் கேட்டு வாங்குங்கள், அதில்தான் பென்சில் பிடிக்கும். பிரிஃபார்முக்கு ஏ4 ஷீட்டை நீளவாக்கில் மூன்றாக வெட்டினால் 7 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று பட்டைகள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து ஐம்பது பெயருக்கு மேல் பிடிக்கும். சுருட்டும்போது சற்றுத் தளர்வாகச் சுருட்டி ரப்பர் பேண்டுக்குப் பதில் நூல் கட்டுங்கள். ரப்பர் உருகித் தாளோடு ஒட்டும்.

எழுத 2பி பென்சிலை 5 சென்டிமீட்டருக்கு வெட்டி வையுங்கள். பால்பாயின்ட் பேனா உலர்ந்துபோகும், ஜெல் பேனா மை ஈரம் பட்டவுடன் கரையும். ஈரத்திலும் எழுதுவது பென்சில்தான். ஜிப் கவரைத் தாளுக்குப் போடுவது பலரது வழக்கம். நல்ல டப்பாவுக்குள் அது தேவையில்லை, கசியும் டப்பாவுக்குள் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும் பை.

பதிவுத்தாளின் முதல் பக்கத்திலும் டப்பாவின் மேலும் இப்படி எழுதி ஒட்டுங்கள்: ‘இது ஜியோகேச் என்ற தேடல் விளையாட்டின் டப்பா. ஆபத்தான பொருள் எதுவும் இல்லை. இட உரிமையாளர் அனுமதியோடு வைக்கப்பட்டது. திறந்து பாருங்கள், பெயர் எழுதுங்கள், மூடி இதே இடத்தில் வையுங்கள்.’ இதைத் தமிழில் எழுதுவது மிக முக்கியம். முதலில் இதைக் கண்டெடுக்கப்போவது களை வெட்டும் தொழிலாளியாகத்தான் இருப்பார்.

மாற்றுப்பொருளாகக் கோலிக்குண்டு, பட்டன், 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாமல் போன 25 பைசா நாணயம், சின்ன விசில் எல்லாம் அருமை. ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். மிட்டாய், வாசனை சோப்பு, சாம்பிராணி, கற்பூரம், காபிக்கொட்டை எதுவும் வேண்டாம். மூடிய டப்பாவிலிருந்தும் மணம் குரங்குக்கும் எறும்புக்கும் போய்ச் சேரும். தீப்பெட்டி, மாத்திரை, கத்தி விதிப்படியே கூடாது.

நிறம்

பிளாஸ்டிக்கில் நேராக அடித்த பெயின்ட் தோலாக உரிந்து வரும். 220 நம்பர் எமரி ஷீட்டால் மினுமினுப்புப் போகும்வரை தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கை அடித்து, காய்ந்ததும் மேட் பெயின்ட் இரண்டு கை மெல்லிசாக. வளையப் பள்ளத்திலும் கிளிப்பின் மடிப்பிலும் பெயின்ட் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். எந்த நிறம் என்பதை மலையே சொல்லும். மேல்தளத்தில் பாக்சைட் கலந்த செம்மண், அங்கே செங்காவி. பாறைச் சரிவில் சார்னோக்கைட் என்ற கருநீலச் சாம்பல் நிறப் பாறை, அங்கே கருஞ்சாம்பல். கீழே விழுந்து கிடக்கும் சில்வர் ஓக் பட்டையை அரால்டைட்டால் ஒட்டினால் இன்னும் நன்றாக மறையும். 24 மணி நேரம் இறுகும் சாதாரண வகைதான் ஈரத்தில் நிற்கும்.

இரும்பு கேட்டில் ஒட்டும், விரல் நுனி அளவே உள்ள காந்த நானோ டப்பா ஏற்காட்டில் நிலைக்காது. நியோடிமியம் காந்தத்தின் நிக்கல் பூச்சு ஓரத்தில் பெயர்ந்ததும் துரு உள்ளே இறங்கி, காந்தம் உப்பிப் பொடியாகும். வைத்தே ஆக வேண்டுமென்றால் காந்தத்தை முழுக்க எபாக்சியில் மூழ்கடித்து வையுங்கள்.

இடமும் அனுமதியும்

சேர்வராயன் மலையில் நடக்கக்கூடிய இடங்களில் பெரும்பகுதி தனியார் காபி எஸ்டேட் அல்லது காப்புக்காடு. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அங்கே டப்பா வைக்கும் யோசனையே வேண்டாம். எஸ்டேட் என்றால் முதலாளியின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். அதோடு நிற்காமல் எஸ்டேட் ரைட்டரிடமும் மேஸ்திரியிடமும் இடத்தை நேரில் காட்டிவிடுங்கள். டப்பாவைக் காப்பாற்றுவது முதலாளியின் கடிதத்தைவிட மேஸ்திரிக்குத் தெரிந்திருப்பதுதான்.

எஸ்டேட்டின் வேலை நாள்காட்டி தெரியாமல் இடம் தேர்ந்தால் டப்பா போய்விடும். நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை காபிப் பழம் பறிப்பு; ஒவ்வொரு செடியின் அடியிலும் கை போகும். அதையொட்டி மிளகு பறிப்பு. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்துவார்கள், ஆகவே மிளகுக்கொடிக்குள் எதையும் வைக்காதீர்கள். மழைக்கு முன் நிழல் மரங்களின் கிளை கழிப்பார்கள். மரக்கிளையில் கட்டியது அன்றைக்கு விறகோடு போகும், நிழலில் இருந்த டப்பாவும் வெயிலுக்கு வந்துவிடும். இதற்கெல்லாம் தப்பும் இடம் எல்லைக் கல் சுவர், பழைய தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், பாதையோரப் பாறை இடுக்கு. மரத்தில் ஆணி அடிப்பதும், குழி தோண்டிப் புதைப்பதும் விளையாட்டின் விதிப்படியே தடை.

பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், அண்ணா பூங்கா, ஏரிக்கரை மாதிரி எப்போதும் கூட்டமுள்ள இடங்களில் தேடுபவர் திருட்டு முழி முழிக்க வேண்டியிருக்கும். சேர்வராயன் குகைக்கோயிலிலும் அதன் சுற்றிலும் வைப்பது பக்தர்களை அவமதிப்பது, வேண்டாம். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் வேண்டாம், வண்டியை நிறுத்த இடமில்லை. பள்ளி, ரயில் பாதை, பாலம், விமான நிலையம் பக்கம் போகவே வேண்டாம்.

டப்பா வைக்க முடியாத அழகான இடங்களுக்கு எர்த்கேச் என்ற வகை இருக்கிறது. பெட்டி கிடையாது, வருபவர் பாறையைப் பார்த்து, நிலவியல் கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். இதற்குச் சேலம் மாவட்டத்தைப் போல வாய்த்த இடம் தமிழ்நாட்டில் குறைவு என்பது என் எண்ணம். சேர்வராயன் மலையின் சார்னோக்கைட், அதன் உச்சித் தளத்தின் பாக்சைட், சேலம் ஊருக்கு வடக்கே சுண்ணாம்புக் கரட்டின் வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட், கஞ்சமலையின் காந்த இரும்புத் தாது என்று ஒவ்வொன்றும் தனிப்பாடம். சுரங்க எல்லைக்குள் நுழையத் தேவையில்லாத, சாலையோரத்தில் பாறை தெரியும் இடமாகத் தேர்ந்தால் போதும்.

கோஆர்டினேட் எடுப்பது

போனில் உள்ள ஜிபிஎஸ் ஆப்பை முதலில் டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது அளவு முறைக்கும், டிகிரியும் தசம நிமிடமும் என்ற வடிவத்துக்கும் மாற்றுங்கள். கூகுள் மேப் காட்டும் 11.77500 என்பதை மாற்ற, புள்ளிக்குப் பின்னுள்ளதை 60-ஆல் பெருக்க வேண்டும்: 11° 46.500′. இதுவே டிகிரி, நிமிடம், வினாடி வடிவத்தில் 11° 46′ 30″. இந்த 30 வினாடியை 46.30 நிமிடம் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. வித்தியாசம் 0.2 நிமிடம், தரையில் ஏறக்குறைய 370 மீட்டர். சமவெளியில் அது பக்கத்துத் தெரு. ஏற்காட்டில் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம்.

0.001 நிமிடம் என்பது இந்த அட்சரேகையில் வடக்கு தெற்காக 1.84 மீட்டர், கிழக்கு மேற்காக 1.82 மீட்டர். திறந்த வானத்தில் நல்ல போன் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். அதாவது கடைசி இலக்கத்தில் 2, 3 ஆடுவது இயல்பு. மரத்தடியிலும் பாறைச் சுவர் ஓரத்திலும் கதை மாறும். நனைந்த இலை சிக்னலை விழுங்கும். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் நீண்ட வழி வந்ததால் இடத்தைத் தள்ளிக் காட்டும். ஜிபிஎஸ்ஸின் பழைய எல்1 அலைவரிசையோடு புதிய எல்5-ம் வாங்கும் போன் இதில் தெளிவாக மேல்.

எடுக்கும் முறை: போனைக் கையில் பிடிக்காமல், டப்பா இருக்கும் இடத்துக்கு மேல் கல்லின் மீது படுக்கவைத்து, திரை வானம் பார்க்க 10 நிமிடம் விடுங்கள். பவர் சேவர் அணைந்திருக்கட்டும். பிறகு ஒரு அளவு குறித்துக்கொண்டு, நூறு மீட்டர் நடந்துபோய் வேறு திசையிலிருந்து திரும்பி வந்து அடுத்தது. காலையில் இரண்டு, செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறும்படி இரண்டு மணி நேரமாவது கழித்து மூன்று. உதாரணத்துக்கு நிமிடங்கள் 46.512, 46.509, 46.531, 46.514, 46.513 என்று வந்தால், 46.531 மட்டும் கூட்டத்திலிருந்து 35 மீட்டர் தள்ளி நிற்கிறது. அதை விட்டுவிட்டு மற்ற நாலின் சராசரி 46.512. அதையும் சேர்த்துச் சராசரி போட்டால் டப்பா 7 மீட்டர் நகர்ந்துவிடும்.

மரம் மிகவும் அடர்ந்த இடத்தில் இதுவும் சரிப்படாது. அப்போது அருகில் வானம் தெரியும் திட்டில் அளவெடுத்து, அங்கிருந்து டேப்பால் அளந்து போங்கள். நேர் வடக்கே 11 மீட்டர் என்றால் வடக்கு நிமிடத்தோடு 0.006 கூட்டினால் சரி. சரிவில் டேப்பைத் தரையோடு போடாமல் மட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும்.

டவுனை விட்டு இறங்கினால் பல இடங்களில் போன் சிக்னல் போய்விடும். டேட்டா இல்லாத போன் செயற்கைக்கோள் தகவலை வானத்திலிருந்தே முழுக்க இறக்க வேண்டும். முழு அட்டவணைக்கு 12.5 நிமிடம் ஆகும். ஏற்காடு பேருந்து நிலையத்திலேயே ஆப்பைத் திறந்து இடம் பிடித்துவிட்டு, ஆஃப்லைன் மேப்பையும் கேச் பக்கத்தையும் சேமித்துக்கொண்டு கிளம்புங்கள். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வகைக் கருவியை மட்டும் கொண்டுவராதீர்கள். உரிமம் இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது சட்டவிரோதம்.

பட்டியலிடுவது

ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தில் பட்டியலிட, டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும். தேடுவதன் கடினம், போகும் நிலப்பரப்பு இரண்டுக்கும் 1 முதல் 5 வரை அரைப் படியாக மதிப்பு கொடுக்க வேண்டும். நிலப்பரப்பு 1 என்றால் சக்கர நாற்காலி போக வேண்டும். காபித் தோட்டச் சரிவு எதுவும் 2-க்குக் குறையாது. வண்டி நிறுத்தும் இடத்தைத் தனிக் கோஆர்டினேட்டாகக் கட்டாயம் கொடுங்கள். இல்லையென்றால் வருபவர் நேர்கோட்டில் செடிகளுக்குள் புகுந்து நடப்பார். எஸ்டேட்காரர் கோபம் உங்கள்மேல் விழும்.

குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு நுட்பம். தளம் குறிப்பை ரோமன் எழுத்தைப் பதின்மூன்று இடம் தள்ளி மறைக்கிறது. தமிழ் எழுத்துக்கு அந்தச் சுழற்சி இல்லாததால் தமிழில் எழுதிய குறிப்பு மறையாமல் அப்படியே தெரியும். தமிழ்க் குறிப்பை ரோமன் எழுத்தில் அடித்தால் மறையும்.

தேடிப் போகும்போது

பத்து மீட்டருக்குள் வந்ததும் போனைப் பையில் போடுங்கள். அம்பு அதற்கு மேல் உதவாது, சுற்றிச் சுற்றி இழுக்கும். நின்று, ‘நானாக இருந்தால் எங்கே வைப்பேன்’ என்று பாருங்கள். இயல்பில்லாமல் அடுக்கிய கல், மழையில் கழுவாத பக்கம் மேலே பார்க்கும் கல், ஒரே நீளக் குச்சிகள் இவைதான் முதல் அடையாளம். போன் உறையில் காந்தம் இருந்தால் கழற்றுங்கள், திசைகாட்டியைக் கெடுக்கும். கஞ்சமலையிலும் அப்படித்தான்: பாறையில் உள்ள மேக்னடைட் அம்பைத் திருப்பும். ஜிபிஎஸ் தரும் இடம் மட்டும் சரியாகவே இருக்கும். அங்கே நடந்து பார்த்து, மீதித் தூரம் காட்டும் எண் எந்தப் பக்கம் குறைகிறது என்பதை நம்புங்கள்.

இடுக்கில் கையை நேராக விடவே கூடாது. பகலிலும் டார்ச் அடித்து, குச்சியால் தட்டி, பிறகே கை. தேளும் பாம்பும் நம்மைப் போலவே உலர்ந்த இடுக்கைத் தேடும். கனத்த கையுறை, கணுக்கால் வரை மூடும் கால்சட்டை. மாடு மேயும் புல்லில் நடந்தால் திரும்பியதும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டேட் பாதைகளில் காலையிலும் மாலையிலும் காட்டெருமை வரும். கண்டால் போட்டோவுக்கு நெருங்காமல் வந்த வழியே திரும்புங்கள். ஏப்ரல், மே மாலைகளில் இடி இறங்கும். மேடான பாறையில் நிற்காதீர்கள். பைக்குள் ஒரு சாக்கு இருக்கட்டும், வழியில் கிடக்கும் பாட்டிலும் கவரும் கீழே இறங்கட்டும்.

கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே பதியுங்கள். டப்பா வைத்தவருக்கு அந்தப் பதிவுதான் தகவல். கிடைத்துத் திறந்தவர் வளையத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, நாலு கிளிப்பும் ‘டக்’ என்று விழுகிற சத்தம் கேட்டு மூடினால், டப்பா இன்னொரு பருவம் கூட நிற்கும்.

பராமரிப்பு

வருஷத்துக்கு இரண்டு தடவை கட்டாயம்: தென்மேற்கு மழைக்கு முன் மே கடைசியில், வடகிழக்கு மழை ஓய்ந்த ஜனவரியில். மே மாதத்தில் கோடை விழாக் கூட்டம் முடிந்த பிறகு போவது நல்லது. கையில் எடுத்துப் போக வேண்டியது: மாற்று வளையம், சிலிக்கான் கிரீஸ், டூத் பிரஷ், உலர்ந்த துணி, புதிய பதிவுத்தாள், 2பி பென்சில், ஆரஞ்சு ஜெல் பொட்டலம், ஒரு முழு மாற்று டப்பா. கிளிப் ஒன்று ஒடிந்திருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். அழுத்தம் மூன்று பக்கம்தான் இருக்கும், நாலாவது பக்கம் வளையம் சும்மா கிடக்கும். முழு டப்பாவையும் மாற்றுங்கள். பனிமூட்டத்தில் திறந்து வேலை செய்ய நேர்ந்தால், மூடுவதற்கு முன் உள்சுவரைத் துடைத்துப் புதிய ஜெல் போட்டு உடனே மூடுங்கள்.

இரண்டு பேர் அடுத்தடுத்து கிடைக்கவில்லை என்று பதிந்தால் பருவம் வரும்வரை காத்திருக்காமல், பட்டியலைத் தற்காலிகமாக முடக்கிவிட்டுப் போய்ப் பாருங்கள். போகவர முடியாத நிலை வந்தால், வெளியூருக்கு மாற்றலானால், எஸ்டேட் கைமாறினால், உள்ளூரில் ஒருவருக்குப் பொறுப்பை மாற்றிக்கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் டப்பா, கட்டிய நைலான் கயிறு, ஒட்டிய பட்டைத் துண்டு எல்லாவற்றையும் எடுத்துவந்து, பட்டியலையும் மூடி, ரைட்டரிடம் எடுத்தாயிற்று என்று சொல்லிவிடுங்கள். மூடாமல் விட்டால் அந்த 161 மீட்டர் வட்டத்துக்குள் வேறு யாரும் புதிதாக வைக்க முடியாது.